கப்பல் வேகத்துக்கு ‘நாட்’ என்ற பெயர் எந்தக் கயிற்றிலிருந்து வந்தது?

தென்கரை, மார்ச் 4, காலை 8.20

கப்பல் வேகத்தை ‘நாட்’ (ஆங்கிலத்தில் முடிச்சு என்று பொருள்) கணக்கில் சொல்வது பாய்க்கயிற்றிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்று கூடினால் பாயைச் சுருக்கி முடிச்சுப் போடுவார்களாம். எத்தனை வரிசை முடிச்சு விழுந்திருக்கிறதோ அதை வைத்து வேகத்தைச் சொன்னார்களாம். இன்னொரு பக்கம், கடலின் ஆழம் பார்க்கும் கயிற்றில் இருந்த முடிச்சுதான் அது என்கிறார்கள். எது சரி?

சுக்கான், மார்ச் 4, காலை 10.05

இரண்டும் இல்லை. பாயைச் சுருக்கினால் வேகம் குறையும், முடிச்சு கூடும். அந்தக் கணக்குப்படி முடிச்சு அதிகமாக அதிகமாகக் கப்பல் மெதுவாகப் போக வேண்டும். ஆழம் பார்ப்பது வேறு கயிறு, அதன் நுனியில் ஈயக்குண்டு இருக்கும்.

வேகம் பார்க்க இருந்தது லாக் கயிறு (ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை). நுனியில் ஒரு சின்ன மரக்கட்டை. கப்பலின் பின்புறத்திலிருந்து அதைத் தண்ணீரில் போடுவார்கள். கட்டை விழுந்த இடத்திலேயே நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு அவிழ்ந்துகொண்டே போகும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் உண்டு. சின்ன மணற்கடிகாரம் ஒன்று தீரும் வரை எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போனதோ, அத்தனை ‘நாட்’ வேகம். 7 முடிச்சு போனால் மணிக்கு 7 கடல் மைல். பெருக்கல், வகுத்தல் எதுவும் கிடையாது. அந்தக் கணக்கு முழுவதும் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்திலேயே அடங்கியிருக்கிறது.

கணக்குப்புலி, மார்ச் 4, பகல் 12.40

அந்தத் தூரம் எப்படி வந்தது என்று போட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கடற்படை புழங்கிய கடல் மைல் 6,080 அடி. ஒரு மணிக்கு 3,600 வினாடி. மணற்கடிகாரம் 28 வினாடி. 6,080 × 28 ÷ 3,600 = 47.29 அடி. முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம் என்று கையேடுகளில் வருவது இதுதான். 30 வினாடிக் கடிகாரம் என்றால் 50 அடி 8 அங்குலம்.

மீட்டரில் வேண்டுமானால்: 1 நாட் என்பது வினாடிக்கு 0.5144 மீட்டர். 28 வினாடிக்கு 14.4 மீட்டர்.

கரைவலை, மார்ச் 4, இரவு 9.15

ஆழம் பார்க்கிற கயிறு வேற, இது வேறன்னு சொன்னது சரிதான். ஆனா ரெண்டையும் ஏன் குழப்புறாங்கன்னா ரெண்டுலயும் அடையாளம் கட்டியிருக்கும். எங்க பக்கம் இன்னைக்கும் ஆழத்தைப் பாகத்துலதான் சொல்றது, “எட்டுப் பாகம் தண்ணி”ன்னு. ரெண்டு கையையும் விரிச்சா வர்ற அளவு, 6 அடி. வெள்ளைக்காரன் கப்பல்லயும் அதே அளவுதான். ஈயக்குண்டு கயித்துல என்னென்ன அடையாளம் இருந்ததுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க அண்ணே.

நூலேணி, மார்ச் 5, காலை 7.50

பிரிட்டிஷ் ஈயக்குண்டுக் கயிற்றில் 2 பாகத்தில் இரண்டு வால் விட்ட தோல், 3-ல் மூன்று வால் தோல், 5-ல் வெள்ளைத் துணி, 7-ல் சிவப்பு, 10-ல் ஓட்டை போட்ட தோல், 13-ல் நீலம், 15-ல் வெள்ளை, 17-ல் சிவப்பு, 20-ல் இரண்டு முடிச்சுள்ள சிறுகயிறு. ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு வேறு வகைத் துணி. ராத்திரியில் நிறம் தெரியாது. விரலால் அல்லது உதட்டால் தடவியே இது கம்பளி, இது பருத்தி என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

கையால் வீசும் குண்டு 7 முதல் 14 பவுண்டு. அதன் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் கொழுப்பு தடவி இறக்குவார்கள். அடித்தளத்து மணலோ, சேறோ, சிப்பித் துண்டோ ஒட்டிக்கொண்டு வரும். கரையோரக் கடல்படம் தெரிந்தவருக்கு ஆழத்தோடு அந்த மண்ணும் சேர்ந்தால் எங்கே இருக்கிறோம் என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

லாக் கயிற்றில் இந்த மாதிரி வண்ணங்கள் இல்லை. முதல் முடிச்சு இடத்தில் தோல் துண்டு, இரண்டாவது இடத்தில் இரண்டு முடிச்சு போட்ட சிறுநூல், மூன்றாவதில் மூன்று முடிச்சு என்று கயிற்றின் பிரிகளுக்கு நடுவே செருகியிருப்பார்கள். பாதி இடத்தில் ஒற்றை அடையாளம். கயிற்றையே சுருட்டி முடிச்சுப் போடுவதில்லை. அப்படிப் போட்டால் ரீலில் மாட்டும், முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு பலம் இழக்கும்.

சுக்கான், மார்ச் 5, காலை 11.30

கட்டையைப் பற்றி விவரமாக எழுத வேண்டும். கடலில் ஒரு மரத்துண்டைப் போட்டால் கயிறு இழுக்கிற இழுப்புக்கு அது கூடவே வந்துவிடும். நிற்க வைத்தது அதன் உருவம்தான்.

வட்டத்தில் கால் பங்கு வடிவப் பலகை. ஆரம் 5 முதல் 7 அங்குலம், கனம் அரை அங்குலத்துக்குள். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருக்கும். அதனால் தண்ணீரில் கூர்முனை மேலே, வளைவு கீழே என்று நிமிர்ந்து, உடம்பு முழுக்க முங்கி மிதக்கும். மூன்று மூலைக்கும் மூன்று கால் கயிறு. மூன்றும் ஒன்று சேர்ந்து லாக் கயிற்றில் முடியும். இழுப்பு வரும்போது பலகையின் முகம் நேராகக் கப்பலைப் பார்த்து நிற்கும், தண்ணீரைத் தள்ளும்.

அந்த மூன்றில் ஒரு கால் மட்டும் நிரந்தரமாகக் கட்டியிருக்காது. மரமுளை ஒன்றைக் குழியில் செருகி நிறுத்தியிருப்பார்கள். நேரம் முடிந்ததும் கயிற்றை வெடுக்கென்று ஒரு இழு. முளை கழன்று வரும், பலகை படுத்துவிடும், எதிர்ப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். அந்த முளை இல்லாவிட்டால் 8 நாட் வேகத்தில் போகும் கப்பலுக்குப் பின்னால் நூறு பாகம் கயிற்றோடு குத்திட்டு நிற்கும் பலகையைச் சுருட்ட வேண்டியிருக்கும். கயிறே அறுந்துவிடும்.

கயிற்றின் மொத்த நீளம் 150 பாகம் வரை. அதில் கட்டையை ஒட்டிய முதல் 10 முதல் 20 பாகம் கணக்கில் சேராது. கப்பலின் பின்னே தண்ணீர் சுழன்று கப்பலோடு கொஞ்சம் இழுபட்டு வரும். அந்தச் சுழலுக்குள் கட்டை நின்றால் வேகம் குறைத்துக் காட்டும். ஏறக்குறைய ஒரு கப்பல் நீளம் கயிறு ஓடி, கட்டை அமைதித் தண்ணீரில் நின்ற பிறகே கணக்கு தொடங்கும். அந்த இடத்தில் ஒரு சிவப்போ வெள்ளையோ துணி கட்டியிருக்கும்.

தென்கரை, மார்ச் 5, மாலை 6.10

இதற்கு எத்தனை ஆள் வேண்டும்? ஒருவரே கடிகாரத்தையும் பார்த்து, கயிற்றையும் விட்டு, முடிச்சையும் எண்ண முடியாதே.

சுக்கான், மார்ச் 5, இரவு 8.45

குறைந்தது மூன்று பேர். ஒருவர் ரீலின் அச்சை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். ஒருவர் மணற்கடிகாரத்தைப் பிடிப்பார். கட்டையைப் போட்டுக் கயிற்றை விடுபவர் அதிகாரி அல்லது மூத்த மாலுமி.

நடக்கும் வரிசை இது. முளையைச் செருகு. ரீலிலிருந்து கொஞ்சம் கயிற்றை அவிழ்த்துக் கையில் தளர்வாக வைத்துக்கொள். “கண்ணாடி சுத்தமா?” என்று கேள், அதாவது மேல் குடுவையில் மணல் மிச்சம் ஒட்டாமல் எல்லாம் கீழே இறங்கியிருக்கிறதா என்று. “சுத்தம்” என்று பதில் வந்ததும் கட்டையைக் காற்று மறைவுப் பக்கமாகக் கப்பலிலிருந்து நன்றாக விலக்கிப் போடு. துணி அடையாளம் கப்பலின் ஓரத்தைத் தாண்டும் அதே நொடி “திருப்பு!” கடிகாரக்காரர் குடுவையைக் கவிழ்ப்பார். கடைசி மணல் விழுந்ததும் அவர் “நிறுத்து!” என்பார். கயிற்றைப் பிடித்து நிறுத்து, அருகில் உள்ள அடையாளத்தைப் பார், முளையைக் கழற்று, சுருட்டு.

போர்க்கப்பலில் மணிக்கு ஒரு முறை, வணிகக் கப்பலில் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

நூலேணி, மார்ச் 6, காலை 8.00

இதில் கை செய்யும் வேலையைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. ரீல் தானாகச் சுற்றட்டும் என்று விட்டால் அச்சின் உராய்வு கட்டையை இழுக்கும். கட்டை கப்பலை நோக்கி நகரும், ஓட வேண்டிய கயிறு ஓடாது, வேகம் குறைவாக வரும். கயிற்றைக் கையால் முன்கூட்டியே எடுத்து எடுத்துத் தளர்வாகக் கொடுக்க வேண்டும். அதிகமாகக் கொடுத்தால் தண்ணீரில் தொய்ந்து வேகம் கூடுதலாக வரும். கயிறு நீட்டமாக, ஆனால் விறைக்காமல் போக வேண்டும்.

முளை இறுகிப் போனால் கடைசியில் கழலாது. தளர்ந்திருந்தால் கயிறு விறைக்கும் முதல் இழுப்பிலேயே கழன்றுவிடும். அப்புறம் பலகை படுத்துக்கொண்டே கூட வரும், அந்த அளவை மொத்தமும் வீண். காய்ந்த முளை லேசாகக் கழலும் என்பதால் போடுவதற்கு முன் நனைத்துச் செருகுவது நல்லது. மரம் ஊறினால் பிடிக்கும்.

கரைவலை, மார்ச் 6, பகல் 1.20

47 அடி 3 அங்குலம்னு ஆதியில இருந்தே இருந்ததா? 1500-கள்லயே இப்படித்தான் அளந்தாங்கன்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க.

சுக்கான், மார்ச் 6, இரவு 10.30

வீடியோவில் சொன்னது தவறு. லாக் கட்டையை முதலில் அச்சில் விவரித்தவர் இங்கிலாந்தின் வில்லியம் போர்ன், 1574-ல். அப்போது ஓடிய கயிற்றைப் பாகம் பாகமாக அளந்து பிறகு கணக்குப் போடும் முறைதான். முடிச்சு வைத்து நேராக வேகத்தை வாசிக்கும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டில் ஊன்றியது.

முடிச்சு வந்த காலத்தில் இடைவெளி 42 அடி, அதாவது 7 பாகம். கடிகாரம் 30 வினாடி. ஏன் 42? அப்போதைய ஆங்கிலேய மாலுமிகள் ஒரு மைலுக்கு 5,000 அடி என்று வைத்திருந்தார்கள். ஒரு மணியில் 30 வினாடிகள் 120 உண்டு. 5,000 ÷ 120 = 41.67. அதை 42 ஆக்கிக்கொண்டார்கள்.

கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அது உண்மையில் எத்தனை அடி என்று யாராவது நிலத்தில் அளந்து பார்த்தால்தான் தெரியும். ரிச்சர்ட் நார்வுட் 1633-ல் லண்டனிலும் 1635-ல் யார்க்கிலும் சூரியனின் உச்சி உயரத்தை அளந்தார். இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட சாலையைச் சில இடங்களில் சங்கிலியாலும் சில இடங்களில் காலடியாலும் அளந்து, வளைவு மேடு பள்ளத்துக்குக் கழித்தார். அவருக்குக் கிடைத்த ஒரு பாகை 3,67,200 அடி. அறுபதால் வகுத்தால் மைலுக்கு 6,120 அடி. இன்றைய அளவோடு ஒப்பிட்டால் ஒரு சதவீதம்கூட விலகவில்லை. சாலையைக் காலடியால் அளந்து இவ்வளவு நெருங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அவர் கணக்குப்படி 30 வினாடிக்கு 51 அடி வைக்க வேண்டும். 1637-ல் அச்சிட்டே சொல்லிவிட்டார்.

கணக்குப்புலி, மார்ச் 7, காலை 6.45

42 அடி முடிச்சும் 30 வினாடியும் வைத்திருந்த கப்பல் எவ்வளவு ஏமாறும் என்று பார்த்தேன். 6,080 அடி மைல் என்று கொண்டால் 30 வினாடிக்குச் சரியான இடைவெளி 50.67 அடி. 42 ÷ 50.67 = 0.829. கயிறு 10 நாட் என்றால் உண்மையில் 8.3 நாட்தான். ஒரு நாள் ஓட்டத்தில் கப்பல் 240 மைல் என்று எழுதும், போயிருப்பது 199 மைல்.

தென்கரை, மார்ச் 7, காலை 9.30

ஒரு நாளைக்கு 41 மைல் பிழை! நார்வுட் சொன்ன பிறகும் ஏன் உடனே மாற்றவில்லை?

சுக்கான், மார்ச் 7, பகல் 2.15

பிழை விழுந்த பக்கம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. கயிறு கூட்டிக் காட்டினால் கணக்கில் கப்பல் உண்மையைவிட முன்னால் நிற்கும். கரை வந்துவிடும் என்று எதிர்பார்த்து, இரவில் பாயைச் சுருக்கி, மேலே ஆள் ஏற்றிக் காத்திருப்பார்கள். கரை தாமதமாக வரும், கப்பல் பிழைக்கும். கயிறு குறைத்துக் காட்டினால் கணக்குப்படி கரை இன்னும் தொலைவில், உண்மையில் பாறை பக்கத்தில். ஆகவே கணக்கு கப்பலுக்கு முன்னே ஓடுவது நல்லது என்பது மாலுமிகளின் எண்ணம்.

இன்னொரு வழியும் பிடித்தார்கள். கயிற்றைப் புதிதாகக் குறியிடாமல் கடிகாரத்தின் மணலைக் குறைத்தார்கள். 42 அடிக்கு 25 வினாடி வைத்தால் மைல் 6,048 அடிக்குச் சமம், நன்றாகவே ஒத்துப்போகும். இதில் ஆபத்து என்னவென்றால், ஒரு கப்பலின் கடிகாரத்தை இன்னொரு கப்பலின் கயிற்றோடு சேர்த்தால் எல்லாம் குழம்பிவிடும். கயிறும் கடிகாரமும் ஒன்றுக்கொன்று இணை. தனித்தனியாக எதுவும் சரியென்றோ தவறென்றோ சொல்ல முடியாது.

18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில் 48 அடி, அதாவது 8 பாகம் என்ற இடைவெளி புழங்கியது. அதனால்தான் அக்காலத்துப் பதிவேட்டுப் பக்கங்களில் எச், கே, எஃப் என்று மூன்று பத்திகள் இருக்கும். மணி, நாட், பாகம். ‘6 நாட் 4 பாகம்’ என்று எழுதியிருந்தால் ஆறரை நாட் என்று பொருள், ஏனென்றால் 8 பாகம் ஒரு நாட். அங்கே வரும் பாகத்தைக் கடலின் ஆழம் என்று எண்ணிப் படித்தால் எல்லாம் தப்பாகிவிடும். பழைய பதிவேடுகளைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

நூலேணி, மார்ச் 8, காலை 7.30

28 வினாடி ஏன், நேராக 30 வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: “திருப்பு” என்று சொல்வதற்கும் குடுவை கவிழ்வதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு, “நிறுத்து” என்பதற்கும் கயிறு நிற்பதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. அந்த இரண்டு வினாடி கை ஓட்டத்துக்கு விட்டது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். சொல்லப்போனால் தொடக்கத் தாமதமும் முடிவுத் தாமதமும் ஒன்றையொன்று தள்ளிவிடும். எனக்கு இந்தக் காரணம் முழுத் திருப்தி தரவில்லை. மேலே சுக்கான் சார் சொன்னபடி மணலைக் குறைத்துக் குறைத்து வந்த வழக்கத்தின் எச்சமாகவே 28-ஐப் பார்க்கத் தோன்றுகிறது.

வேகமான ஓட்டத்துக்கு 14 வினாடிக் கடிகாரம் தனியாக இருந்தது. அதில் வந்ததை இரட்டிப்பாக்க வேண்டும். 12 நாட்டில் 28 வினாடி ஓடவிட்டால் 567 அடி கயிறு வெளியே, அதோடு கணக்கில் சேராத முன்பகுதி. அத்தனையும் ஈரக் கயிறு, சுருட்டி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

கணக்குப்புலி, மார்ச் 8, மாலை 5.00

கயிறும் மணலும் கெட்டுப்போனால் திருத்துவதற்கு ஒரே வாய்பாடு போதும்.

உண்மை வேகம் = வாசித்த வேகம் × (கயிற்றின் இப்போதைய இடைவெளி ÷ 47.25) × (28 ÷ கடிகாரத்தின் இப்போதைய வினாடி).

கயிறு நீண்டு 49 அடி ஆகிவிட்டது, கடிகாரம் 26 வினாடியில் தீர்ந்துவிடுகிறது என்று வையுங்கள். 8 நாட் வாசித்தால்: 49 ÷ 47.25 = 1.037. 28 ÷ 26 = 1.077. பெருக்கினால் 1.117. உண்மை வேகம் 8.9 நாட். இரண்டு கோளாறும் ஒரே பக்கம் இழுத்ததால் வந்த வினை, அதுவும் ஆபத்தான பக்கம்.

சுக்கான், மார்ச் 8, இரவு 9.40

நல்ல கணக்கு. எந்தக் கோளாறு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

ஈரம் புகுந்தால் மணல் ஒட்டும், மெதுவாக விழும், நேரம் நீளும், வேகம் கூடித் தெரியும். நாள்பட மணல் உராய்ந்து உராய்ந்து கண்ணாடிக் கழுத்தின் துளை பெரிதாகும், சீக்கிரம் தீரும், வேகம் குறைந்து தெரியும். புதுக் கயிறு நனைந்ததும் சுருங்கும், வேகம் கூடித் தெரியும். பழகப் பழக நீளும், குறைந்து தெரியும். அதனால் புதுக் கயிற்றை முதலில் ஊறவைத்து, இழுத்து நீட்டி, ஈரத்தோடேயே அளந்து குறியிடுவார்கள். கப்பலின் மேல்தளத்தில் சரியான தூரத்தில் செப்பு ஆணிகள் அடித்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் கயிற்றை அதன்மேல் வைத்துச் சரிபார்க்கலாம்.

கடிகாரத்தைச் சரிபார்க்க நல்ல கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் ஊசல்தான். ஒரு துப்பாக்கிக் குண்டை மெல்லிய நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆணியிலிருந்து குண்டின் நடு வரை 39⅛ அங்குலம். லேசாக ஆட்டிவிட்டால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக ஒரு வினாடி. 28 வீச்சுக்குள் மணல் தீர்கிறதா என்று எண்ண வேண்டியதுதான். ஆடாத இடம் வேண்டும் என்பதால் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது செய்வார்கள்.

அலை பின்னாலிருந்து வந்தால் கட்டையைக் கப்பல் பக்கம் தள்ளும், வேகம் குறைந்து தெரியும். எதிரலை என்றால் நேர்மாறு.

இது எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதற்கு எந்த வாய்பாடும் உதவாது. நீரோட்டம். கட்டை தண்ணீரில் நிற்கிறது, தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால் கட்டையும் சேர்ந்து நகரும். லாக் தருவது தண்ணீரைப் பொறுத்த வேகம் மட்டும்.

கரைவலை, மார்ச் 9, காலை 10.10

நீரோட்டம்னதும் ஒண்ணு கேக்கணும். புயல் செய்தியிலயும் ‘நாட்’ வருதே. அதுவும் இதே நாட்தானா?

கணக்குப்புலி, மார்ச் 9, காலை 11.50

அதே நாட்தான் அண்ணே. இந்திய வானிலைத் துறையின் புயல் வகைகள் எல்லாமே நாட்டில் வகுத்தவை. 17 முதல் 27 வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 34 முதல் 47 வரை புயல், 48 முதல் 63 வரை தீவிரப் புயல், 64 முதல் 89 வரை மிகத் தீவிரம், 90 முதல் 119 வரை அதிதீவிரம், 120-க்கு மேல் சூப்பர் புயல். செய்தியில் ‘மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல்’ என்று ஒட்டாத எண்ணாக வருகிறதே, அது 34 நாட்டைக் கிலோமீட்டராக மாற்றியதால் வந்தது.

கடல் மைலை 1,852 மீட்டர் என்று உறுதி செய்தது 1929-ல் மொனாக்கோ மாநாடு. பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர், அதில் 5,400 நிமிடங்கள், வகுத்தால் 1,852. பூமி முழு உருண்டை இல்லாததால் இடத்துக்கு இடம் நிமிடத்தின் நீளம் மாறும். சென்னை இருக்கும் அட்சரேகையில் சுமார் 1,844 மீட்டர், துருவத்தில் சுமார் 1,862. அமெரிக்கா 1954-லும் பிரிட்டன் 1970-லும் தான் 1,852-க்கு வந்தன.

தென்கரை, மார்ச் 9, மாலை 7.00

‘மணிக்கு 10 நாட்’ என்று எழுதினால் கடல்காரர்கள் கோபிக்கிறார்கள். நாட்டிலேயே மணி இருக்கிறது, இன்னொரு மணி எதற்கு என்று. சரிதானே?

சுக்கான், மார்ச் 10, காலை 8.15

இன்றைய வழக்குக்குச் சரி. 10 நாட் என்றாலே போதும். ஆனால் பழைய ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் ‘மணிக்கு இத்தனை நாட்’ என்று மாலுமிகளே எழுதியிருக்கிறார்கள். நாட் என்ற சொல்லைக் கடல் மைல் என்ற பொருளிலும் புழங்கினார்கள். பழைய ஏட்டில் அப்படிக் கண்டால் எழுதியவர் கடல் அறியாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

லாக் கட்டை தந்த இன்னொரு சொல் நம் ஊர் அரசாங்க ஜீப்பில்கூட இருக்கிறது: லாக் புக். கட்டை காட்டிய வேகத்தை முதலில் மடிப்புக் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார்கள். அதிலிருந்து பகலில் ஏட்டுக்கு மாற்றுவார்கள். அந்த ஏடு லாக் ஏடு. டிரைவர் எழுதும் கிலோமீட்டர் கணக்கு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு, கணினியில் ‘லாக் இன்’ எல்லாம் அந்த மரத்துண்டின் வாரிசுகள்.

எழுதத் தெரியாத மாலுமிக்கு ஓட்டப் பலகை என்று ஒன்று இருந்தது. 32 திசைக்கும் நடுவிலிருந்து வெளிநோக்கி எட்டெட்டுத் துளை. ஒரு காவல் முறை 4 மணி நேரம், அரை மணிக்கு ஒரு துளை, மொத்தம் எட்டு. எந்தத் திசையில் ஓடினதோ அந்த வரிசையில் முளை செருகினால் போதும். பலகையின் கீழ்ப்பகுதியில் வேகத்துக்குத் தனி வரிசை.

நூலேணி, மார்ச் 10, இரவு 9.00

கயிறே இல்லாத முறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கப்பலின் ஓரத்தில் முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. முன்குறிக்கு நேராகச் சிறு மரத்துண்டைத் தண்ணீரில் எறிந்து, பின்குறிக்கு வர எத்தனை வினாடி என்று எண்ணுவது. டச்சுக்காரர்கள் இதை அதிகம் பயன்படுத்தினார்கள், அதனால் ‘டச்சுக்காரர் லாக்’ என்று பெயர். ஆம்ஸ்டர்டாமின் பீட்டர் ஹோல்ம் 18-ஆம் நூற்றாண்டில் இதற்கான அட்டவணையைப் பித்தளைப் புகையிலைப் பெட்டியின் மேலேயே பொறித்து விற்றார். கணக்கு எளிது: அடியை வினாடியால் வகுத்து 0.592-ஆல் பெருக்கு. 100 அடியை 10 வினாடியில் தாண்டினால் 5.9 நாட். வேகம் கூடினால் வினாடி குறைந்து பிழை பெருகும். 100 அடிக்கு 5 வினாடி என்ற நிலையில் அரை வினாடி தப்பினாலே 1 நாட்டுக்கு மேல் விலகிவிடும்.

1802-ல் எட்வர்ட் மாஸி இறக்கை வைத்த சுழலியைக் கப்பலின் பின்னே இழுத்துச் சுற்றுக்களை எண்ணும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1861-ல் தாமஸ் வாக்கரின் கருவி வந்தது. ஓடிய தூரத்தை அது விடாமல் கூட்டிக்கொண்டே போகும். கடற்பாசி சுற்றிக்கொண்டால் குறைத்துக் காட்டும், சுறா கடித்துக்கொண்டு போவதும் உண்டு. அந்தச் சமயத்துக்கென்று பழைய கட்டையும் கயிறும் கப்பலில் நெடுங்காலம் இருந்தன.

கரைவலை, மார்ச் 11, காலை 6.30

பள்ளிக்கூடப் பசங்களுக்கு இதைச் செஞ்சு காட்டணும்னா என்ன சாமான் வேணும்? ஃபைபர் படகு இருக்கு, மெதுவா ஓட்டலாம்.

நூலேணி, மார்ச் 11, காலை 11.15

12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் 15 சென்டிமீட்டர் ஆரத்தில் கால்வட்டம் வெட்டுங்கள். அதன் கன அளவு 212 கன சென்டிமீட்டர், எடை சுமார் 125 கிராம் வரும். வளைந்த விளிம்பில் வலைக்கு வைக்கும் ஈயக்குண்டு 70 கிராம் அளவுக்குப் பதித்தால் நிமிர்ந்து, பெரும்பகுதி முங்கி மிதக்கும். பலகைக்குப் பலகை எடை மாறும் என்பதால் முதலில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, கூர்முனை இரண்டு விரல் அளவு வெளியே தெரியும் வரை ஈயத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

கயிறு 4 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல். நைலான் வேண்டாம், நனைந்தால் அதிகமாக நீளும். தங்கூசி என்ற தூண்டில் நரம்பு கையை அறுத்துவிடும். 14 வினாடிக் கணக்கு வைத்துக்கொண்டால் முடிச்சுக்கு முடிச்சு 7 மீட்டர் 20 சென்டிமீட்டர். முன்பகுதி 10 மீட்டர். 8 நாட் வரை அளக்க 68 மீட்டர் ஆகும், 80 மீட்டர் எடுங்கள். ஈரத்தில் அளந்து குறியிடுங்கள். வினாடிக்குச் செல்போன் போதும்.

முக்கியமான எச்சரிக்கை: அவுட்போர்டு மோட்டாருக்கு நேர் பின்னால் போட வேண்டாம், கயிறு இறக்கையில் சுற்றும். ஓரமாக நின்று பக்கவாட்டில் விலக்கிப் போடுங்கள். கயிறு வெளியே இருக்கும்போது ரிவர்ஸ் கூடவே கூடாது. பையன்கள் யாரும் அவிழும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதபடி ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிற்று முனையைப் படகோடு கட்ட வேண்டாம், ரீலில் மட்டும் கட்டுங்கள்.

சுக்கான், மார்ச் 11, மாலை 4.50

ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிடும்போது ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டை தவறு என்று சொல்லிவிடாதீர்கள். ஜி.பி.எஸ் தருவது தரையைப் பொறுத்த வேகம். மோட்டாரின் முடுக்கத்தை மாற்றாமல் ஒரு திசையில் மூன்று தடவை, உடனே திரும்பி எதிர்த்திசையில் மூன்று தடவை போட்டுச் சராசரி எடுங்கள். ஜி.பி.எஸ் போகும்போது 7, வரும்போது 5 என்று காட்டி, கட்டை இரண்டு பக்கமும் 6 காட்டினால் கட்டை சரியாக வேலை செய்கிறது, நீரோட்டம் 1 நாட் என்று பொருள். கட்டை இரண்டு பக்கமும் 5.5 காட்டினால் கயிற்றைக் கையால் போதிய அளவு தளர்த்திக் கொடுக்கவில்லை, அல்லது முளை முன்னாலேயே கழன்றிருக்கிறது. முளையை முதலில் பாருங்கள்.